சஷ்டி விரதத்தில் எடுத்த ரிப்போர்ட்

என் அன்பு அண்ணா,

வெள்ளவத்தையில் இன்று நல்ல காற்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு, மனம் நிறைந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கெட்டித்தனத்திலிருந்தே தொடங்கவா? கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் காலை காலி வீதியில் இருக்கிற லாப்புக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பீர்கள். "எப்பிடியும் வெறும் வயிறுதானே பிள்ளை, ஏன் ரெண்டு தரம் பட்டினி கிடப்பான்?" என்பீர்கள். ரிப்போர்ட் ஒவ்வொரு வருடமும் அழகாக வரும். எங்கள் ஃப்ளாட் லிஃப்டில் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுவீர்கள். மறுநாள் பாறணை செய்து விரதம் முடித்ததும் பழையபடி மூன்று கரண்டி சீனித் தேத்தண்ணியும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸும்.

அதனால்தான் மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுவரை ஏறியபோதும், "வாயுதான், இஞ்சி அவிச்சுத் தா" என்றீர்கள். நானும் ரிப்போர்ட்டை நம்பி ஒரு நாள் முழுக்க இஞ்சி அவித்தேன். அது இன்னும் சுடுகிறது அண்ணா.

ஆஸ்பத்திரியில் உங்கள் ரத்தம் குழாய்க்குள் பால் கலந்தது போல நின்றது. நான் பெருமையாக நீட்டிய ரிப்போர்ட்டுகளின் திகதிகளைத்தான் டொக்டர் அம்மா பார்த்தா.

"எல்லாம் விரத நேரத்திலயா எடுத்தவர்?"

"ஓம் டொக்டர்."

"அந்த ஒரு கிழமை ட்ரைகிளிசரைட் இறங்கியிருக்கும். மற்ற நாளெல்லாம் ரத்தத்தில இந்தக் கொழுப்பு அளவுக்கு மிஞ்சி நிண்டிருக்கு. அது கணையத்துக்க உடையேக்க வாற அமிலம் கணையத்தைப் புண்ணாக்கும். பிறகு சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீரே கணையத்தைத் தின்னத் தொடங்கும். இது குடும்பத்தில ஓடுறதாயும் இருக்கலாம். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

நீங்கள் எங்களை விட்டுப் போய், உங்கள் காரியங்கள் முடிந்த கையோடு நானும் ரத்தம் சோதித்துப் பார்த்தேன். எனக்கும் எக்கச்சக்கம். அடுத்தது நான்தானோ என்று எத்தனை நாள் பயந்திருப்பேன் தெரியுமா?

பிறகு மாத்திரை, கடற்கரையோரம் நடை, சீனியில்லாத தேத்தண்ணி. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். போன செவ்வாய், விரதமும் இல்லை, விசேஷமும் இல்லை. முந்தின இரவு வழமையான இடியப்பமும் சொதியும். காலையில் போய் ரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைட் நன்றாக இறங்கியிருந்தது. "இதை நம்பலாம்" என்றா அதே டொக்டர். வீதியில் நின்றே அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து "இதை நம்பாதீங்கோ" என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

வருகிற சஷ்டிக்கு உங்களுக்கும் சேர்த்து நான் விரதம் பிடிக்கிறேன். அது முருகனுக்கு. ரத்தம் மட்டும், நான் எப்போதும் போலச் சாப்பிடுகிற ஒரு வாரத்தில்தான் கொடுப்பேன். இது சத்தியம்.

இனி இஞ்சி அவிக்காத,
உங்கள் தங்கச்சி வதனி