ஸ்தோத்திரப் பட்டியலில் உன் அக்கா

கர்த்தருக்குள் அன்பான மச்சானுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரி வரவில்லை. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதை வாசிக்காதே, உட்கார்ந்து வாசி.

அக்கா நடக்கிறாள் என்று சபைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அழுதாயாம். அறையில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தாயாம். இனி ஊர்க் கவலை இல்லை, கப்பல் பட்டறையில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறேன், மாதக் கடைசியில் கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மச்சான், அக்கா நடக்கவில்லை. நிற்கவும் இல்லை. பக்கவாதம் வந்து படுத்த நாளில் எப்படி இருந்தாளோ, இந்த எட்டு மாதமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறாள். பத்திரிகையில் வந்தது பொய். சொன்னது நான்தான்.

திட்டுவதென்றால் முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக அவளை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். பாதம் தரையில் பட்டது. ஒரு நொடி அவள் கால் தரையை அழுத்தியது போல எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல நேரம் கொடுத்தார்கள். நான் மைக் பிடிக்கிற ஆளா? தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். இருந்தாலும் எழுந்துவிட்டேன். அவள் எழுந்து நின்றாள் என்றேன். யார் தூக்கிப் பிடித்திருந்தது என்று சொல்லவில்லை. சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே இரண்டு எட்டும் வைத்தாள் என்று சேர்த்துவிட்டேன். அந்த இரண்டு எட்டை எதற்காக வைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதுவரைக்கும் எல்லோரும் என்னை ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் வாய் அது பாட்டுக்குப் போய்விட்டது.

எங்கள் சபை வாசலில் இரண்டு பட்டியல் ஒட்டியிருக்கும், உனக்குத் தெரியும். ஜெபிக்க வேண்டியவர்களுக்கு ஒன்று, ஜெபம் கேட்கப்பட்டு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டியவர்களுக்கு ஒன்று. அடுத்த வாரமே செயலாளர் உன் அக்கா பெயரை முதல் பட்டியலிலிருந்து எடுத்து ஸ்தோத்திரப் பட்டியலில் எழுதிவிட்டார், பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டார். புதன்கிழமை தோறும் மூன்று பெண்கள் வருவார்கள். அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு மெஷினை முடித்துவிடுவேன். சுகமான வீட்டுக்கு எதற்கு என்று அவர்கள் வேறு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் அக்காவிடம், அவர்களுக்கு வேறு வேலை என்று சொல்லிவைத்தேன். பொய்யைச் சொல்லி என் கதவை நானே பூட்டிக்கொண்டேன்.

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பாய். போனேன் மச்சான், இரண்டு தடவை. போதகர் வீட்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். சாட்சியைத் திரும்ப வாங்கினால் ஆண்டவருக்கல்லவா அவமானம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டவர் என்னிடம் வந்து அவமானமாக இருக்கிறது என்று சொன்னாரா? அவமானமெல்லாம் எனக்குத்தான். வழியில் பார்க்கிறவர்கள், வீட்டுக்காரியை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி முடியாமல் ஐந்து வாரமாக ஆராதனைக்கே போகவில்லை. கடைக்குப் போவதும் பின் சந்து வழியாகத்தான். பகல் முழுக்க வீட்டில் அவள் மூச்சும் நான் திருகுகிற ஸ்க்ரூ சத்தமும்தான். சில நாளில் சாயங்காலம் பேச வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

முன்பெல்லாம் முழங்காலில் நின்று நீட்டி முழக்கி ஜெபிப்பேன். அத்தான் ஆமென் சொல்வதற்குள் டீ ஆறிவிடும் என்று நீயே கிண்டல் செய்வாய். இப்போது ஜெபம் ஒரு வரிதான். அவளைத் தூக்கக் குனியும்போது, ஆண்டவரே இந்த ஒரு தடவை என்பேன். அந்த ஒரு தடவைக்குப் பெலன் வரும். சேர்த்து வைத்துக்கொள்ளத் தரமாட்டார். அடுத்த தடவைக்கு மறுபடியும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்கிறேன். சலித்துக்கொள்ளாமல் தருகிறார், அதை நான் பொய் கலக்காமல் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளைத் தூக்கிய கையோடு இருவரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துவிட்டோம். அவளுக்கு அடிபடவில்லை, பயப்படாதே. என்னால் எழ முடியவில்லை. போன் மேஜை மேல், மெஷின் பாகங்களுக்கு நடுவில் கிடந்தது. மூன்று மணி நேரம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன். தெருமுனைத் தையல்கார அம்மாவை அனுப்பினார். அந்த அம்மா தன் மெஷினை இன்னும் தரவில்லை என்று வாசலிலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தது. எங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, உன் அக்காவைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, எனக்கும் கை கொடுத்தது.

அதோடு போயிருக்கலாம். மேஜையில் கிடந்த சபைப் பத்திரிகையை எடுத்து, நடக்கிறாள் என்றல்லவா போட்டிருக்கிறது என்று உன் அக்கா காது கேட்க வாசித்துவிட்டது. உன் அக்கா என்னையே பார்த்தாள். அந்த அம்மா போன பிறகு, திக்கித் திக்கி ஒன்று கேட்டாள். அவளுக்கு ஒரு வார்த்தை வருவதே பெரும்பாடு. இதைக் கேட்க எத்தனை நேரம் ஆனது என்று சொல்ல மாட்டேன்.

"அப்போ... எனக்காக... யாரும் ஜெபிக்கலையா?"

கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண்கள் வராமல் போனதும் என் இடுப்பு போனதும் பெரிதில்லை. மூன்று மாதமாக ஒரு சபையே தனக்காக முழங்காலில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த நினைப்பில்தான் காலையில் கண் விழித்திருக்கிறாள். நான் ஜெபிக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். என் ஒருவன் ஜெபத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எதிரிலேயே அழுதேன்.

வரும் ஞாயிறு எழுந்து நின்று சொல்லப் போகிறேன். தையல்கார அம்மா ஒரு மணி நேரம் அவளோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. இந்த ஒரு தடவை என்று அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் வாயில் வரும், அதனால் எழுதுகிறேன். டாக்டர் போன வாரம் வந்து பார்த்தார். இன்னொரு முறை வாதம் வந்தால் இந்த உடம்பு தாங்காது என்றார். உன்னை வரச் சொல்லி எழுதவா என்று நான் கேட்கும்போதெல்லாம், வேண்டாம், பிள்ளை வேலையைக் கெடுக்காதே என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தவள் அவள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே மச்சான். இரண்டு வருஷம் என்பது அவளிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீ வந்து சேரும்வரைக்கும் தினமும் காலையில் அவள் பெயரைச் சொல்லி ஜெபி. படுத்திருக்கிறாள் என்றே ஆண்டவரிடம் சொல்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உன்னைச் சீக்கிரம் இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாராக.

இப்படிக்கு,
உன் மன்னிப்பைக் கேட்டு நிற்கும்
அத்தான்

பின்குறிப்பு: டாக்டர் சொன்னதை எழுதியிருக்கும் இடத்தில் ஒரு வரியைக் கறுப்பாக அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். வர முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். டாக்டர் பேச்சை மட்டும் விட்டுவிட்டு, கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியை அடிக்கச் சொன்னது அவள்தான்.