கல்லறையில் கர்னல் பெயர்

அக்டோபர் 30

காலையிலிருந்து தூறல். பெயின்ட் காயுமா, தெரியவில்லை. வாங்க வேண்டியவை: கறுப்பு எனாமல் சின்ன டின், மெல்லிய பிரஷ், மெழுகுவத்தி, செவ்வந்தி. சேதராப்பட்டு ஆபீசில் லீவ் சொல்லியாயிற்று.

கல்லறைத் திருநாளுக்குச் சித்தப்பா கல்லில் எழுத்துகளைப் புதுப்பிப்பது இந்த வருடம் என் பொறுப்பு. அப்பாவுக்கு முட்டி வலி.

அக்டோபர் 31

நல்ல வெயில். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

சித்தப்பா பெயர், அந்துவான், சுண்டுவிரல் அளவு. அடியில் 'திறந்து வைத்தவர்' என்று கர்னல் பெயர், அதைவிடப் பெரிதாக. இத்தனை வருடம் பார்த்தும் இன்றுதான் உறைத்தது.

எல்லைச் சண்டையில் சித்தப்பாவை அனுப்பியவரே அவர்தான். பாதையில் கண்ணிவெடி இருக்கிறது என்று அந்த எல்லை ஊர்க்காரர்கள் தடுத்தார்களாம். "உத்தரவுன்னா உத்தரவு" என்றாராம் கர்னல். கூடப் போய் ஒரு காலோடு திரும்பியவர் சித்தியிடம் சொன்னது. தளபதிகள் எழுதிய புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் நிலம் எப்போதும் வரைபடம்தான். யாரும் அதில் கால் வைப்பதில்லை.

சித்தப்பா பெயருக்கு இரண்டு பூச்சு. கர்னல் பெயரைத் தொடவில்லை.

நவம்பர் 1

கருவடிக்குப்பம். சித்தி கோழி கழுவிக்கொண்டிருந்தார். கர்னல் பெயரை எழுதவில்லை என்று சொன்னேன்.

"ஏண்டி, வருசா வருசம் மாலையோட வர்ற மனுசன். பார்த்தா என்னா சொல்வாரு?"

"சொல்லட்டும் சித்தி."

"நீ புக்கு படிச்சிட்டுப் பேசுற. அவரு பக்கத்துல நிக்கப்போறது நானு."

அதுவும் சரிதான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். கல் என்னுடையதல்ல.

"டின்னு, பிரஷ்ஷு எங்க? கொண்டா இங்க."

பையில் போட்டுக்கொண்டார். எழுதத்தான் போகிறார். வருத்தம். பேருந்தில் ஜன்னல் சீட்.

நவம்பர் 2

ஃபாதர் கல்லறை மந்திரித்துவிட்டுப் போனார். செவ்வந்தி போதவில்லை. கர்னல் பெயர் மங்கலாக அப்படியே.

கர்னலும் வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"மழையில என் பேரு போயிடுச்சு போலிருக்கேம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி: "மழை இல்லீங்க. நாங்கதான் எழுதல." பையிலிருந்து டின், பிரஷ். "போவாதீங்கன்னு ஊரே சொல்லியும் அனுப்புனீங்க. அது நாயம்னா நீங்களே எழுதிக்குங்க."

இப்போது அவருக்கு ஒரு கையில் மாலை, மறு கையில் பிரஷ். சித்தி மெழுகுவத்தி ஏற்ற உட்கார்ந்துவிட்டார், டின்னை அவர் காலடியில் வைத்துவிட்டு.

கர்னல் மாலையைச் சித்தப்பா பெயருக்குக் கீழே வைத்தார். அவருடைய பெயர் அதில் மறைந்தது. சல்யூட் அடித்தார். டின்னைத் திறக்கவில்லை.

பிரஷ் அவரோடு போய்விட்டது. அடுத்த வருடத்துக்கு வேறு வாங்க வேண்டும்.