கட்டி கிடைக்கவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் உடம்பில் கட்டி எதுவும் இல்லையாம். கேட்டதும் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மூன்று வருஷமாக என் எலும்புகள் மெலிந்து மிருதுவாகிக்கொண்டே வருகின்றன. போன மாதம் தும்மியதில் விலா எலும்பில் விரிசல் விட்டது. எங்கோ ஒரு சின்னக் கட்டி இருந்துகொண்டு, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டை எல்லாம் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்றார் டாக்டர். அதை எடுத்துவிட்டால் பழையபடி நடந்துவிடுவேனாம். அதைத் தேடித்தான் ஸ்கேன் எடுத்தோம்.

"எதுவும் தென்படலம்மா. மாத்திரையைத் தொடருங்க" என்றார் இன்று.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது நாத்தனார் இவருக்குப் போன் செய்தாள்.

"கட்டி இல்லையாமே அண்ணா! பெருமாள் காப்பாத்திட்டார்."

"ஆமாம்மா" என்று வைத்துவிட்டு, இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்ததும் ரிப்போர்ட்டைப் படித்தேன். தலையிலிருந்து தொடை வரை எடுக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே இருக்கிறது.

"காலை ஸ்கேன் எடுக்கவே இல்லையேங்க."

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, என் முழங்காலிலிருந்து பாதம்வரை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மேட்டிலும் நிறுத்தி, "இதுவா?" என்று கேட்டார். எல்லாம் எலும்பாகவே இருந்தது.

"கைக்குத் தெரியாதுங்க. நாளைக்கே போய்க் காலையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுவோம்."

"அதுலயும் இல்லைன்னா?"

இருக்க வேண்டும். பெருமாளே, என் காலில் ஒரு கட்டி இருக்க வேண்டும்.