மேசையின் கடைசி, கேபிளின் கடைசி

மினியாபொலிஸ், 12 அக்டோபர் 1992, திங்கள்

வந்துவிட்டது! வந்தேவிட்டது! ஹார்ட் டிஸ்க், கார்ட்ரிட்ஜ் டிரைவ், சிடி டிரைவ். மூன்றையும் ஒரே கேபிள் சங்கிலியாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோர்த்தேன். நான் மூச்சு வாங்குவதற்குள் அர்லீன் வந்து மூன்றையும் உயர வரிசையில் மாற்றி அடுக்கிவிட்டாள். முதலாளி அவள், அடுக்கட்டும். சங்கிலி இங்கே முடிகிறது என்று காட்ட ஒரு குட்டிக் கட்டை உண்டு, டெர்மினேட்டர். அதன் பின்னாலும் கேபிள் செருகலாம். மேசை ஓரத்துக் கடைசிப் பெட்டியில் அதைப் பொருத்திவிட்டு வீட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தேன்.

13 செவ்வாய்

இரண்டு டிரைவ் தெரிகிறது. அணைத்துப் போட்டால் ஒன்று. பிறகு மூன்றும்! கை தட்டினேன், எல்லாம் போய்விட்டது. தட்டியது தப்போ?

14 புதன்

அர்லீன் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயந்திரம் நம்ம ஒட்டுத்துணிப் போர்வை இதழ் அச்சுக்குப் போகலேன்னா இதுங்க அத்தனையும் கடைக்குத் திரும்பிப் போகுது. அப்புறம் பழையபடி கத்திரியும் மெழுகும்தான், வெர்னா."

பதினோரு வருஷம் போர்வைப் படங்களை வெட்டி மெழுகு தடவி ஒட்டியவள் நான். மறுபடியுமா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்! இந்தக் கம்ப்யூட்டருக்காக இரண்டு வருஷம் அவளை நச்சரித்தேனே.

கடைக்காரர் டுவேனுக்குப் போன் போட்டேன்.

"டெர்மினேட்டர் கடைசியில இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப ஆடு பலி குடுக்கறதுதான் பாக்கி. அது இல்லாம இந்தச் சங்கிலி எவனுக்கும் ஓடினதில்ல." சிரிப்பு வேறு.

15 வியாழன்

ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு வாங்கி டிரைவ் மேல் வைத்தேன்.

"என்னது இது?" என்றாள் அர்லீன்.

"பலி."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டேன்.

16 வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! நான்! நானேதான்!

மேசைக்குப் பின்னால் காபி கொட்டியது. துடைக்க மேசையை இழுத்தேன். அப்படியே கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க், அங்கிருந்து ஓரத்துக் கார்ட்ரிட்ஜ், அங்கிருந்து திரும்பி — நடுவில் உட்கார்ந்திருக்கிற சிடி டிரைவ்! பெட்டிகள்தான் இடம் மாறின, கேபிள் மாறவில்லை. மேசையில் கடைசி ஒன்று, கேபிளில் கடைசி இன்னொன்று. ஊருக்கெல்லாம் தையல் சொல்லித்தருகிறவள், நாலு நாளாக நூலின் நடுவில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அசடு!

கட்டையைக் கழற்றி சிடி டிரைவில் செருகினேன். மூன்றும் வந்தன. ஐந்து தடவை அணைத்துப் போட்டேன், ஐந்து தடவையும் மூன்று! அர்லீனைப் பிடித்துச் சுற்றினேன். "விடுடி, என் கண்ணாடி!"

நாலரைக்கு இதழ் அச்சுக்குப் போனது. அர்லீன் கடை ரசீதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திருப்பி அனுப்புவாளா, மாட்டாளா?

26 திங்கள்

மெழுகு மெஷின் வெளியே குப்பைத் தொட்டி பக்கத்தில் நிற்கிறது. சிடி டிரைவுக்குச் சின்னதாக ஒரு ஒட்டுத்துணி உறை. அதன் மூலையில் நாலு கால், தாடி, கோணல் கொம்பு.

"அர்லீன், இது…"

"ஆடு. கொம்பு சரியா வரல. வேலையப் பாரு."