வேகனுக்குள் ஈயம் இல்லை

கிளைவ்,

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி இருக்கிறது, சுடவைத்துக்கொள். பக்கத்து வீட்டு ஹியூபர்ட் ஏணி கேட்டு வருவார், கொடுத்துவிடு.

நேற்று தேவாலயக் கூடத்தில், மாதிரி ரயில் கிளப்பின் தண்டவாளத்தில், நான் மூன்று வாரம் ஒட்டிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் சரக்கு வேகன் வளைவுக்கு வளைவு கவிழ்ந்தது. "தூசி துடைக்கிறேன்னு சக்கரத்தை வளைச்சு வெச்சுட்டியே!" என்று எல்லார் முன்னாலும் உன்மேல் பாய்ந்தேன். நீயோ, "என் கை கரடிக் கை, வினிஃப்ரெட்" என்று சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய்.

இன்று காலை வேகனின் கூரையைப் பெயர்த்துப் பார்த்தேன். எடைக்கு வைக்கவேண்டிய ஈயத் துண்டு உள்ளே இல்லை. வைக்க மறந்து கூரையை ஒட்டியவள் நான்தான். எடையில்லாத வேகன் வளைவில் எப்படி நிற்கும்? சக்கரங்கள் நேராகத்தான் இருக்கின்றன.

உன்னை எழுப்பிச் சொல்ல முகமில்லை. திறந்த வேகனோடு கூடத்துக்குப் போகிறேன். நேற்று நான் கத்தியதைக் கேட்டவர்கள் எல்லாரும் இன்றும் வருவார்கள். தப்பு என்னுடையது என்று அவர்களிடமே சொல்லப்போகிறேன்.

வினி

இன்னொன்று. நான் சொல்லும்போது நீ அங்கே இருக்கவேண்டும் என்று ஆசை. கேட்க எனக்கு உரிமையில்லை. பன்னிரண்டு மணி வரை வாய் திறக்காமல் காத்திருப்பேன்.