ஆறு பேருக்கு மட்டும்

பாயான் பாரு,
20.3.1994

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. டுனெடினில் காற்று இப்போதே காதைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தாய், அப்படியானால் நான் தந்த கம்பளிக் குல்லாவைப் போடு, அது அழகாக இல்லை என்று எனக்கும் தெரியும். பரீட்சைக்குப் படிக்கும்போது காலைச் சாப்பாட்டை விடாதே. இங்கே வெயில் கொளுத்துகிறது. பின்வீட்டுக்காரர் இன்னொரு அறை கட்டுகிறார், சிமெண்டுத் தூசி எங்கள் துணியில்தான் விழுகிறது. நான் நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன முறை தொலைபேசியில் நீ செல்வநாயகி மாமியைப் பற்றிக் கேட்டபோது, அப்பா எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்போது எதுவும் சரியாக இருக்கவில்லை. மாமி இனி எங்கே இருப்பார் என்றே தெரியாமல் நான்கு மாதம் அலைந்தோம். இப்போது ஒரு முடிவு வந்துவிட்டது, அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு, அதனால் விடாமல் எழுதுகிறேன்.

கிரீன் லேனுக்குப் பின்னால் வள்ளிநாயகி மிஸ்ஸி நடத்தும் வீடு உனக்குத் தெரியும். அவர் நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், மாமியையும் அவரைப் போலப் புத்தி வளர்ச்சி குறைந்த பெண்களையும் ஒவ்வொருவராகச் சேர்த்தார், கடைசியில் எட்டுப் பேர் ஆனார்கள். அவர்கள் ஹோட்டல் நாப்கின்களை மடித்துக் கொடுக்கிறார்கள், தங்கள் துணியைத் தாங்களே துவைக்கிறார்கள், மாலையில் இரண்டு பேர் இரண்டு பேராகத் தெருக் கோடி வரை நடந்து வருகிறார்கள். இத்தனை வருடமாக யாரும் எதுவும் சொன்னதில்லை. போன நவம்பரில் நகராண்மைக் கழகத்தில் இருந்து கடிதம் வந்தது. இது குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளுக்கான தெரு, இங்கே விடுதி நடத்துவது பற்றி அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் வந்திருக்கிறது, முறையாக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. ஆட்சேபம் செய்தவர் பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீன், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அப்பாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாயில்லாத பிள்ளைகளைக் கண்டால் இவருக்கு என்ன வயிற்றெரிச்சல், இத்தனை நாள் சிரித்துச் சிரித்துக் கதைத்த மனுசன் பின்னால் போய்க் கடிதம் போட்டிருக்கிறார் என்று ஃபெரியில் கூட வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மிஸ்ஸி கேட்டுக்கொண்டதால், ஒரு நாள் மத்தியானம் நான் மட்டும் அலாவுதீன் வீட்டுக்குப் போனேன். முன்பின் பழகாத வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி நூர்ஜான் நாற்காலியில் சாய்ந்திருந்தார், இருதயக் கோளாறு, இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. உட்காருங்கக்கா என்று சொல்லிவிட்டு, நான் பேச்சைத் தொடங்கும் முன்பே அவரே தொடங்கிவிட்டார். அந்தப் பொம்பளைப் பிள்ளைங்க எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை, காலையில அதுங்க துணி காயப்போடுற நேரம் பாடுறதைக் கேட்டுக்கிட்டேதான் நான் மாத்திரை போடுறது, எங்களால தாங்க முடியாதது உங்களைத்தான், நீங்க கூட்டம் கூட்டமா வந்து சோறு போடுறீங்களே அதைத்தான் என்றார். யோசித்துப் பார், அப்பப்பாவின் திவசத்தை அந்த வீட்டில் வைத்தது நாம்தான். வீட்டில் நாலு பேருக்குப் போடுவதைவிட இங்கே போட்டால் புண்ணியம் என்று அப்பா வாசலில் கூடாரம் போட்டு, வாழையிலை விரித்து, படம் எடுத்து, அந்தப் படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பிள்ளையின் பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவர்களின் நினைவு நாள், எல்லாம் அங்கே. பட்டர்வொர்த்தில் இருந்து பஸ் வைத்துக்கூட வருகிறார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குடும்பம் வந்தால் அந்தப் பெண்கள் இரண்டு முறை சாப்பிட வேண்டும், இரண்டு முறை வரிசையில் நின்று படத்துக்குச் சிரிக்க வேண்டும். ஒலிபெருக்கி வேறு. எச்சில் இலையும் சோறும் வடிகாலை அடைத்து அலாவுதீன் வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நூர்ஜானுக்கு நெஞ்சு வலி வந்து மகன் அவரைக் காரில் ஏற்றியபோது, வாசலை மறித்து மூன்று கார்கள் நின்றன. சாவியோடு ஆட்களைத் தேடிப் பிடித்து நகர்த்துவதற்குள் உயிர் போய்த் திரும்பியது என்றார். அதில ஒண்ணு நீல நிறம், முன் கண்ணாடியில முருகன் படம் என்று மெதுவாகச் சொன்னார். அது நம் கார், பிள்ளை.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அலாவுதீனின் கடைக்குப் போய்விட்டு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, தேத்தண்ணி குடித்தோம் என்றார், அவ்வளவுதான். ஆனால் விருந்து வைக்கிற குடும்பங்கள் இதைப் பற்றிப் பேச மிஸ்ஸியின் வீட்டில் கூடிய அன்று, இனிமேல் கூடாரம், சமையல், விழா ஒன்றும் அங்கே வேண்டாம் என்று முதலில் எழுந்து சொன்னவர் அப்பாதான். மற்றவர்கள் விடவில்லை. சாப்பாடு கொண்டுவருகிறவனை வராதே என்று எந்த வாயால் சொல்லுவது, நீர் திவசம் செய்து முடித்துவிட்டீர், இனி நாங்கள் செய்யக்கூடாதோ என்று விநாசித்தம்பி அங்கிள் கேட்டார். மிஸ்ஸி அப்போதுதான் ஒரு விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நாளாக ஞாயிறு என்றாலே செல்வநாயகி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள், விருந்தாளிகள் போன பிறகுதான் வெளியே வருகிறாள் என்று. இனி விருந்து இல்லை என்று அன்றே எழுதிக் கோயிலில் ஒட்டினோம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை நகராண்மைக் கழகத்தில் இருந்து புவான் ரோஹானா என்ற அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். சின்னப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம், எல்லாவற்றையும் அளந்து பார்த்தார், கட்டில்களுக்கு இடையே இடம், பின்கதவு, எல்லாம். பேச்சுத் துணைக்கு என்னையும் மிஸ்ஸி வரச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோரி வந்து நிற்கிறது, கூடாரக் கம்பி, நாற்காலி, பெரிய பெரிய சட்டி. செபராங் ஜெயாவில் குத்தகை வேலை எடுத்துச் செய்கிற சந்திரசேகரனாம், மகனுக்கு முதல் பிறந்தநாளாம். இனி விருந்து இல்லை என்று நாங்கள் கோயிலில் எழுதி ஒட்டியது அவர் கண்ணில் படவில்லை. மிஸ்ஸியோ அதிகாரியோடு மேல்மாடியில். கேட்டில் நின்றது நான். சாப்பாட்டோடு வந்தவரை நான் வாழ்க்கையில் திருப்பி அனுப்பியதில்லை. மன்னிக்க வேணும் அண்ணே, இங்கே இறக்கக் கூடாது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆறு மணிக்கு எழுந்திருச்சு ஆக்கின சோறும்மா, வேணாம்னு சொல்ற அநாதை இல்லத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன், பிரியாணி ஆகாதோ, கோட்டு போட்ட பெரிய மனுசன் வீட்டுச் சாப்பாடாத்தான் வேணுமோ என்றார். லோரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. அண்ணே, இவர்கள் அநாதைகள் இல்லை, உள்ளே என் புருஷனின் தங்கச்சி இருக்கிறார், இந்தக் கூடாரம் இன்றைக்கு ஏறினால் நாளைக்கு அவரைத் தெருவில் இறக்கிவிடுவார்கள், அதிகாரி மாடியில் நிற்கிறார் என்றேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அவர் மனைவிதான் இறங்கி வந்து, வண்டியைத் திருப்புங்க, கோயில்ல போடுவோம் என்று சொன்னார். போகும்போது அந்தக் குழந்தையை என்னிடம் நீட்டி, ஆசீர்வாதமாவது பண்ணுங்கக்கா என்றார். பண்ணினேன். திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் புவான் ரோஹானா நிற்கிறார். எதையோ எழுதிக்கொண்டார்.

அலாவுதீன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், தனக்குச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டார். அனுமதி வந்தது, ஒரு வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். கூடாரம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, பெயர்ப்பலகை மாட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் நாங்கள் தயாராக இருந்தோம். கடைசி வரிதான் எங்களைப் பிடித்தது. மூன்று படுக்கை அறைதான் இருப்பதால் ஆறு பேர் மட்டுமே தங்கலாம். மிஸ்ஸி நேரில் போய்க் கேட்டார், அலாவுதீனும் கூடப் போய், எட்டுப் பேர் இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லைம்மா என்று சொல்லிப் பார்த்தாராம். புவான் ரோஹானா மரியாதையாகத்தான் பேசினாராம். உங்கள் தெருவுக்கு ஒரு விதி, அடுத்த தெருவுக்கு ஒரு விதி என்று என்னால் போட முடியாது, நெருப்புப் பிடித்தால் எட்டுப் பேரை அந்த ஒற்றைப் படியில் இறக்க முடியுமா என்று கேட்டாராம். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதிலும் பிழை இல்லை. ஆனால் எந்த இரண்டு பேர் போவது? மிஸ்ஸி பல நாள் தூங்கவில்லை. கடைசியில், பக்கத்தில் சொந்தக்காரர் இருப்பவர்கள்தான் போக வேண்டும், வேறு வழி தெரியவில்லை என்றார். அப்படிப் பார்த்தால் நம் மாமி, அடுத்தது மாமியோடு ஒரே அறையில் படுக்கும் தனலெட்சுமி. தனத்தின் தமையன் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், மூன்று பிள்ளைகள். அவர் வந்து, தன் வீட்டில் இடமில்லை, வேறு மாநிலத்தில் ஒரு பெரிய இல்லம் இருக்கிறது, அங்கே எழுதிப் போட்டிருக்கிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாமியிடம் விஷயத்தைச் சொல்ல அப்பாவும் நானும் போன மாதம் ஒரு மாலையில் போனோம். சுகிர்தாவின் அறையை உனக்குத் தருகிறோம், ஜன்னலால் மாமரம் தெரியும், பகலில் வழக்கம் போல இங்கேயே வந்து நாப்கின் மடிக்கலாம் என்று அப்பா பொறுமையாக விளக்கினார். பகலில் வந்து போவதற்குத் தடை இல்லை, அவர்கள் எண்ணுவது தூங்குகிறவர்களைத்தான். மாமி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தனத்துக்குக் கட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தனம் வரமாட்டார் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. தனம் கதவோரத்தில் தன் துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். உன் கட்டிலுக்கு இந்தப் பக்கம், அலமாரியை வெளியே எடுத்துவிட்டால் இடம் வரும் என்று நான் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது காரில் அப்பா, என்னை ஒரு வார்த்தை ஏன் கேட்கேல்லை நீர் என்றார். கேட்டிருந்தால் நீங்கள் யோசித்திருப்பீர்கள் என்றேன். அடுத்த நாள் அவரே கட்டில் வாங்கி வந்தார். தனத்தின் தமையன் வந்து சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நெடுநேரம் வாசலிலேயே நின்றார்.

நம் வீட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மாமி சொந்தம், தனம் அவருடைய தோழி, இது குடும்பம், ஒருவரும் எண்ண வரமாட்டார்கள் என்று புவான் ரோஹானா மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் நான் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ரொஸ்னாவின் கேட்டில் நின்றபோது, ரெண்டு பேர்தானே லா அக்கா, இன்னும் ஆள் சேர்க்கமாட்டீங்களே, வாசலில் பஸ் நிற்காதே என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேர்தான் என்றேன். போன வாரம் பெருநாளுக்கு நூர்ஜான் மிஸ்ஸியின் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டியில் ரெண்டாங் கறி அனுப்பியிருந்தார், ஆறு பேருக்கு மட்டும், அதிகாரி வந்து எண்ணினால் வம்பு என்று சொல்லி அனுப்பினாராம். மாமியும் தனமும் பகலில் அங்கே இருந்ததால் எட்டுப் பேராகவே சாப்பிட்டார்கள். அங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. கொடுக்க நினைப்பவர்கள் அரிசி மூட்டையாக வார நாளில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், அப்பப்பாவின் திவசத்தை இனி நாங்கள் வீட்டிலேயே செய்வோம். மாமியும் தனமும் தாங்களாகவே பஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல், முதல் வாரம் நான் பின்னாலேயே போனேன், இப்போது போவதில்லை.

உன் புத்தகங்களை ஆறு பெட்டிகளில் கட்டி எங்கள் அறையில் வைத்திருக்கிறேன், ஈரம் படாமல் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறது. உன் மேசை மட்டும் ஹாலில். டிசம்பரில் நீ வரும்போது உனக்கு இந்த வீட்டில் இடம் இருக்கும், தனியறை இருக்காது. என்னோடு படுத்துக்கொள்ளலாம், அப்பா ஹாலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நீ எத்தனை வருடம் தனியறை கேட்டு அதை வாங்கினாய் என்று எனக்கு மறக்கவில்லை, எனக்கே ஒரு மூலை தனியாக இல்லாவிட்டால் மூச்சு முட்டும். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும், நேரம் இருக்கவில்லை. உனக்குக் கோபம் என்றால் அதை மறைக்காமல் எழுது, ஆனால் தனித் தாளில் எழுதி என் பெயரைப் போடு. மற்றத் தாளை நான் உரக்க வாசிக்க வேண்டும். தபால்காரன் மணி அடித்தால் இப்போது இரண்டு பேர் ஓடிவந்து நிற்கிறார்கள், தங்களுக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். தனத்தை நீ பார்த்ததே இல்லை, இருந்தாலும் அவர் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்.

கந்தன் துணையால் உனக்குப் படிப்பும் உடல்நலமும் குறைவில்லாமல் அமையட்டும். குல்லாவை மறக்காதே.

உன் அன்புள்ள
அம்மா