டாக்டர் வரும்போது

ஏங்க,

மாமாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வயலிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள், குழம்பு அடுப்பில் இருக்கிறது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று வார்டில் எல்லார் முன்னாலும், "நீதான் பழசையெல்லாம் கெளறி அப்பாவ வெறியாக்கிட்ட" என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள். மூன்று நாளாகக் கண்ணை மூடாமல் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். "பைத்தியம்லாம் இல்லம்மா. வயசானவங்களுக்குக் காய்ச்சல்ல இப்படிப் புத்தி தடுமாறும், தெளிஞ்சிடுவாங்க" என்றார்கள்.

ஆனால் நேற்று அந்த வெறி எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் வந்ததும் நீங்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றீர்கள். மாமா அதைப் பார்த்தார். அந்த நிமிடமே அவருக்கு டாக்டர் பண்ணையார் ஆகிவிட்டார். "கூலி நெல்லு கூட்டாம கதிர்ல கை வைக்க மாட்டோம்" என்று கத்தி, ட்ரிப்ஸைப் பிடுங்கினார். பண்ணையார் எதிரில் துண்டைத் தோளில் போட்டதற்காகக் கட்டிவைத்து அடிக்கப்பட்டவர் அவர்.

நீங்கள் கோபித்துக்கொண்டு வெளியே போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்சம், எம் மவன் இன்னும் துண்ட இடுப்புலதான் கட்டுறானா?" என்று கேட்டு அழுதார்.

பதினோரு மணிக்கு டாக்டர் வருவார். அதற்குள் வந்துவிடுங்கள்.

மறந்துவிட்டேன், மாமாவின் மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

கொடியில் இரண்டு துண்டு காய்கிறது. ஒன்றை மாமாவுக்கு எடுத்து வாருங்கள். இன்னொன்று உங்கள் தோளிலேயே கிடக்கட்டும், யார் வந்தாலும்.